சங்கத்துச் சொத்து

"அந்தச் சிரட்டையைக் கீழே வை, விலிமைனா!"

சர்க்கரை ஆலைத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் யங்கோனா வேர்ப் பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் சங்கச் செயலாளர் பிஸ்நாத். அவருக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி அபிசாய் மாஸ்டர்.

விலிமைனா ஆலையில் ஃபிட்டர். இந்தத் தடவை செயலாளர் பதவிக்கு பிஸ்நாத்தை எதிர்த்து நிற்கிறாள்.

"ஏண்ணே, குடிக்கக் கூடாதா?"

"தாராளமா குடி. ஓட்டுக் கேட்டுக்கிட்டே குடிக்காதே. சட்டி சங்கத்தோடது, சிரட்டை சங்கத்தோடது. சங்கத்துச் சொத்தை வச்சுப் பிரசாரம் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கா, இல்லையா? மாஸ்டர், நீங்களே சொல்லுங்க."

"இருக்கு" என்றார் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விதி என்றால் அவருக்கு விதிதான்.

"நான் எங்க மாஸ்டர் ஓட்டுக் கேட்டேன்? ஜோசடேகியோட கையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

ஜோசடேகி மூலையில் உட்கார்ந்திருந்தான். போன அரவைப் பருவத்தில் உருளையில் மாட்டி அவனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. நஷ்டஈட்டுக்காகச் சங்கத்துக்கு அலைந்ததில் செருப்பும் போயிருந்தது.

"அதான் பிரசாரம்!" என்றார் பிஸ்நாத்.

விலிமைனா சிரட்டையை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஃபிஜியில் யங்கோனா இல்லாமல் கல்யாணமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. மறுநாள் சாயங்காலம், கூடத்தை ஒட்டியிருந்த யூசுபின் காலி மனையில், மாமரத்தடியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கரைப்பதற்கு வீட்டிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் பேசின். முதலில் நாலு பேர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூடம் காலி.

பிஸ்நாத் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாயைப் பாருங்க மாஸ்டர்! சங்கத்துப் பாய்!"

யாரோ கூடத்திலிருந்து எடுத்து வந்து விரித்திருந்தார்கள். விலிமைனா தானே அதைச் சுருட்டிக் கொடுத்தாள். எல்லோரும் சர்க்கரைச் சாக்கில் உட்கார்ந்தார்கள்.

"சாக்கு ஆலையோடது அண்ணே. முதலாளி வந்து கேட்டா எந்திரிக்கிறோம்" என்று ஒருவன் சொல்ல, மரமே குலுங்குகிற மாதிரி சிரிப்பு.

அடுத்த நாளும் வந்தார் பிஸ்நாத்.

"இப்ப என்னப்பா?" மாஸ்டருக்கு அலுத்துவிட்டது.

"வெளிச்சம்."

"என்னது?"

"நம்ம வாசல் விளக்கு வெளிச்சம் வேலி தாண்டி அவங்க மேல விழுது. கரண்டு யாரோடது? சங்கத்தோடது!"

மாஸ்டர் விளக்கைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். கடைசியில் பிஸ்நாத்தைப் பார்த்தார்.

"வேணும்னா விளக்கை அணைச்சுக்கோ. வாங்குன வெளிச்சத்தைத் திருப்பிக் குடுன்னு அவகிட்ட நான் கேக்க முடியாது."

பிஸ்நாத் அணைத்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆட்கள் இருட்டில் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தார்கள். மாமரத்தடியில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. தடவித் தடவி அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு பிஸ்நாத் சங்கத்து வேனை எடுத்தார். சங்கத்து ஒலிபெருக்கியைக் கட்டினார். தொழிலாளர் குடியிருப்பு முழுக்கச் சுற்றினார்.

"தோழர்களே! உங்கள் சொத்தைச் சிலர் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்! உஷார்!"

மாஸ்டர் நடுத்தெருவில் கையை நீட்டி வேனை நிறுத்தினார்.

"இது என்ன?"

"அறிவிப்பு, மாஸ்டர். பிரசாரம் இல்ல."

"வேன் முன்னால உன் படம் தொங்குதே?"

"அறிவிக்கிறது யாருன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

மாஸ்டர் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பிஸ்நாத் ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் குடியிருப்புக்குள் நடந்து போனார். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இளம் கொதிகலன்காரன் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டான்:

"ஆலையில புதுசா சேந்திருக்கீங்களா அண்ணே?"

தேர்தலில் விலிமைனா அமோகமாக ஜெயித்தாள். கழுத்து நிறைய மாலை. ஜோசடேகி அழுதே விட்டான்.

அவளும் மாமரத்தடியில் சொன்ன சொல் தவறவில்லை. பதவி ஏற்றதும் மேனேஜர் அறைக்குப் போய் உட்கார்ந்தவள், ஜோசடேகிக்கு நஷ்டஈடு முடிவாகாமல் எழுந்திருக்கவே இல்லை. 'இப்பதான் நமக்குச் சங்கம்னு ஒண்ணு இருக்கு' என்று ஆலையெங்கும் பேச்சு.

முதல் நிர்வாகக் குழுக் கூட்டம். துணைச் செயலாளர் ஆரம்பித்தார்.

"அக்கா, அந்தச் சொத்து விதியைத் தூக்கிடலாமா? அதை வச்சுத்தானே உங்களை அந்தப் பாடு படுத்தினாங்க?"

"வேண்டாம். நல்ல விதி. பதவியில இருக்கவங்க சங்கத்தைச் சொந்த வீடா நினைக்கக் கூடாதுன்னுதான் அதை வச்சிருக்காங்க. இருக்கட்டும்."

குழுவே கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விலிமைனா ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாமரத்தடியில் பிஸ்நாத் உட்கார்ந்து ஒரு வாளியில் யங்கோனா கரைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். அவர் ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். வேலி ஓரமாக இன்னும் இரண்டு பேர் போய் உட்கார்ந்தார்கள்.

அவள் துணைச் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"யூசுப் அண்ணன் அந்த மனையை நமக்குக் குத்தகைக்குக் குடுப்பாரான்னு விசாரிங்க. சீக்கிரம்."

"எதுக்குக்கா? கட்டடம் ஏதும் கட்டப் போறோமா?"

"ஒண்ணும் கட்ட வேண்டாம். சங்கத்துச் சொத்தா ஆயிட்டாப் போதும்."