படம் போன வழி

"படம் எங்க போச்சு டீச்சரே?"

சப் இன்ஸ்பெக்டர் வேலாயுதன் நாயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டதும் சுகிர்தபாய்க்கு ஒரு கணம் மூச்சு நின்று வந்தது. தன்னுடைய தொடர்கதையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று பிறகே புரிந்தது.

சுகிர்தபாய் டீச்சர் கதை எழுதுவது பாறசாலையில் எல்லோருக்கும் தெரியும். மதுரையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் துப்பறியும் கதைகள். கத்தி, ரத்தம், பிணம் எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு பெரிய வீட்டில் ஓவியம் ஒன்று காணாமல் போகும். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் அக்கம்பக்கத்து வீடுகளில் சாயா குடித்து, பேச்சுக் கொடுத்து, அதைக் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவுதான்.

இந்த முறை கடைசி அத்தியாயம் மட்டும் வரமாட்டேன் என்றது. எழுதுவாள், அடிப்பாள், எழுந்துபோய் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்ப்பாள். மறுபடி உட்கார்ந்தால் முந்தின வரியே மறந்துபோயிருக்கும்.

காரணம் அவள் புருஷன் ரெத்தினதாஸ். படம் வரைகிறவர். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் போராட்டத்துக்கு நெய்யாற்றின்கரை வரைக்கும் சுவர்களில் எழுதியது அவர்தான். ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த பிறகு, போலீஸ் அவரைத் தேட ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார் என்று ஊரே நம்பியது.

அவர் எங்கும் போகவில்லை. சபைக்காக வரைந்து பாதியில் விட்ட ஞானஸ்நானப் படம், ஆள் உயரத்துக்கு முன்னறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அது மறைத்திருந்த சின்ன வாசலுக்குப் பின்னால், சாமான் அறையில் இருந்தார்.

அவள் செய்த பிழை, அதையே கதையிலும் வைத்துவிட்டதுதான். எழுதும்போது உறைக்கவில்லை, கைக்கு வந்தது, எழுதிவிட்டாள். 'படம் இந்த வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை' என்று டிராயிங் மாஸ்டர் சொல்லும் வாரம் அச்சாகி வந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. இப்போது போலீஸே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வேறு.

"உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் எங்கேருந்து கிட்டுது?" என்றார் நாயர்.

எல்லோரும் கேட்கிற கேள்விதான். எப்போதும் சொல்கிற பதிலையே அவள் சொன்னாள். கல்யாணமான புதிதில் நெய்யாற்றின்கரையில் ஒரு பிள்ளைமார் வீட்டுக்குப் புருஷனோடு போயிருந்தாள். கரி படிந்த பழைய படம் ஒன்றை அவர் பஞ்சால் துடைத்துக்கொண்டே வர, மேலே இருந்த முகத்துக்கு அடியிலிருந்து இன்னொரு முகம் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று...

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாயர் எழுந்தார். ஞானஸ்நானப் படத்துக்கு எதிரில் போய் நின்று, அதில் வரைந்திருந்த யோர்தான் ஆற்றுத் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். கை நீட்டினால் சட்டத்தைத் தொட்டுவிடலாம். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு இருமல். சின்னதுதான், அடக்கி விழுங்கிய இருமல். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தலையைத் திருப்பினான்.

அதே நொடியில் நாயருக்கும் இருமல் வந்தது. படத்தில் படிந்திருந்த தூசியோ என்னவோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருமினார். தண்ணீர் கேட்டார். அவள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். கான்ஸ்டபிள் மறுபடி ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்தாள் அவள்.

நாயர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆகஸ்டிலிருந்து தனக்கு உறக்கம் சரியில்லை என்றார். கண்ணை மூடினால் அன்றைய கூட்டமும் புகையும்தான் வருகிறதாம். சத்தம் போடாமல் சொன்னார்.

"உங்க கதையில ஆரும் சாவியதில்லை டீச்சரே. அதுக்காக்கும் நான் வாசிக்கியது. முடிவை இப்பமே சொல்லுங்க."

அவள் அவசரமாக ஒரு முடிவைக் கட்டினாள். டிராயிங் மாஸ்டர் சொன்னது தப்பு. படம் வீட்டில் இல்லவே இல்லை. திருடன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு, பொழியூருக்குப் போய்த் தோணி ஏறிவிட்டான். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான முடிவு என்று அவளுக்கே தெரிந்தது.

நாயர் தலையை ஆட்டினார்.

"பொழியூர் வேண்டாம். கடப்புறம் முழுக்க எங்க ஆளுவ உண்டு. தோணியில கால் வைக்கியதுக்கு முன்ன பிடிச்சிருவாங்க."

கான்ஸ்டபிளைப் போய் ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் நாயர். அவன் படியிறங்கிப் போகும்வரை தொப்பியை மெல்லத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தலையில் வைத்து, அவளைப் பாராமல் யோர்தான் ஆற்றைப் பார்த்தே சொன்னார்.

"நாளைக்கு என் இடத்துக்கு வேற ஆளு வாறாரு, கதை வாசிக்காத்த மனுஷன். படத்தை இன்னைக்கு சாயங்கால பஸ்ஸில கிழக்க பனச்சமூடு வழி அனுப்பிடுங்க. அங்க பஸ்ஸில ஏறி சோதனை போடுகது நானாக்கும்."