ஜோடி ஆள்

பலராமனின் விலாவில் பசையைத் தடவி, கருவியை அழுத்திப் பிடித்தாள் நர்ஸ் சகாயசெல்வி.

வயிற்றுப் பிள்ளையை ஸ்கேனில் பார்க்கிறார்களே, அதே மாதிரி ஒலிதான். ஆனால் இது பார்ப்பதற்கு அல்ல. நுரையீரலில் சீழ் கட்டிய இடத்தை அதிரவைத்து மருந்துக்கு வழி திறந்துவிட. ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் புது முறை.

பத்து நாளாக மாத்திரை கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. மருந்து போய்ச் சேரவே மாட்டேன் என்கிறதே என்று பெரிய டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார். இதற்கும் கேட்காவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான். இந்த உடம்பு அதைத் தாங்காது.

செல்வியும் மரக்காணத்துக்காரி. ஊர்க்காரர் என்று அவர் மேல் கூடுதல் பாசம். கஞ்சி குடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், காலை மாத்திரை இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பெரிய மனுஷர் விழுங்குகிறாரா என்று பக்கத்தில் நின்று வேவு பார்ப்பதா?

கஞ்சி கொண்டுவருவது மனைவி பாஞ்சாலை. உப்பளத்தில் இருவரும் ஜோடி ஆள். அவர் உப்பை வாருவார், அவள் சுமப்பாள். கூலி ஜோடிக்குத்தான். அவர் படுத்த பிறகு கொழுந்தனோடு ஜோடி சேர்ந்து போகிறாள். அவளும் படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். எது கிடைத்தாலும் இரண்டாகப் பங்கு போட்டே பழகியவர்கள்.

கை வலிக்க வலிக்கக் கருவியைப் பிடித்திருந்தாள் செல்வி. மாதாவே, இந்த மனுஷனைக் காப்பாற்று என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

பலராமன் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும், நிறுத்துங்க சிஸ்டர். பாஞ்சாலைக்கும் இதே இருமல்தாங்க. வெளிய சொன்னா வேலை பூடும். தெனம் ரெண்டுல ஒண்ண அவளுக்குக் குடுத்துட்டேன்."

செல்விக்குத் தன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. கருவியை அணைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

பாஞ்சாலை இருமலை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். செல்வி மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அவரு வூட்டுக்கு வந்தப்பறம் தேவைப்படுமேன்னு எடுத்து வெச்சிருக்கேன் சிஸ்டர். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.