வண்டியை எடும்மா

பொழுது விடிந்ததும் விடியாததுமாக வேனின் கதவில் தடி டமடமவென்று விழுந்தது.

"வண்டியை எடும்மா. இது தெருவா, உன் வீட்டு வாசலா?"

எதிரில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிதான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதற்குள் இருந்து அந்தக் குரல் எப்படித்தான் வருமோ, மேல் மாடி வரைக்கும் கேட்கும்.

அவளும் சளைத்தவள் இல்லை. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு இறங்கி வந்து பதிலுக்குப் பதில் கொடுப்பாள். ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்த பிறகு, வேலைக்கு நேரமாகிறதே என்று வேனை எடுத்துப்போய்த் தெருவின் அந்த முனை மரத்தடியில் நிறுத்துவாள். மறுநாள் காலை அங்கேயும் வந்து தட்டுவார். திரும்ப இந்த முனை.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஈரம் கனக்கும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து உதறி உதறித் தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு யாரும் வீடு தர முன்வரவில்லை. ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கினாள். கட்டிலும், அடுப்பும், ஜன்னலுக்குத் திரையுமாகத் தன் கையாலேயே அதை வீடாக்கிக்கொண்டாள்.

அக்கா போன் பண்ணி, எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போயேன் என்றாள். மூலையில் கிடக்க அவளுக்கு மனசில்லை. இங்கே மூலை உட்பட எல்லாம் என்னுடையது என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

தெரு சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர்கள் வேனைக் கண்டதும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். கடைக்காரர் மாதக் கணக்கு எழுத முகவரி கேட்டு, அவள் வேனைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். தினமும் மருத்துவமனையில் குளித்து, தேய்த்த சீருடையோடு திரும்புகிறவளைப் பார்த்து, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்: "இதெல்லாம் குளிக்குமா?"

காதில் விழட்டும் என்றேதான் கேட்டாள்.

அன்று படுக்கும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். யார் வந்து என்ன சொன்னாலும் சரி, இனி வண்டி ஓர் அடி நகராது.

காலையில் தடி விழுந்தது. அவள் திறக்கவில்லை. காவலாளி கத்தினார். அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டுக் குடித்தாள். கடைசியில் ஜன்னல் திரையை மட்டும் விலக்கிச் சொன்னாள்.

"எடுக்கமாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

அவர் அண்ணாந்து குடியிருப்பைப் பார்த்தார். பிறகு ஜன்னலருகே வந்தார். "சொன்னாக் கேளும்மா. அந்தப் பக்கமாவது கொண்டுபோய் நிறுத்து."

அவர் அப்படித் தாழ்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை. இறங்கி வருகிறார், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வேனைப் பூட்டிவிட்டு நடந்தே வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பி வந்தபோதும் அவர் அதையே சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை தடிச் சத்தம் கேட்கவில்லை. சங்கிலிச் சத்தம்தான் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். வேனுக்கு முன்னால் நகராட்சியின் இழுவை லாரி. பக்கத்தில் செயலாளரும் அவர் மனைவியும் இன்னும் நாலைந்து பேரும். அவள் இறங்கி, வேனுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றாள். கால் நகரவில்லை.

லாரிக்காரர் அவளிடம் தன்மையாகவே பேசினார். ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றுவிட்ட வண்டியைத் தூக்கலாம் என்பது சட்டம். நகர்ந்த வண்டியைத் தொட முடியாது. முன்னாலும் புகார் வந்து இதைத் தேடி வந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வண்டி இடம் மாறியிருந்ததால் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். "வண்டி நகர்ந்துச்சா இல்லையான்னு யார்கிட்டயாவது கேட்டுத்தான் எழுதணும்" என்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

"எங்க காவலாளியைக் கேளுங்க. ராப்பகலா இங்கதான் இருக்கார்" என்றார் செயலாளர்.

அவளுக்கு நம்பிக்கை அற்றுப்போனது. இத்தனை நாள் வாங்கிய திட்டையெல்லாம் வட்டியோடு தீர்த்துக்கொள்ளப் போகிறார்.

காவலாளி தொண்டையைச் செருமினார். "நேத்து அந்த மரத்தடியில கிடந்துச்சுங்க. நான்தான் சத்தம் போட்டு இந்தப் பக்கம் துரத்தினேன்."

செயலாளர் முகம் மாறியது. காவலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"சார் தினமும் பால்கனியில நின்னு பார்க்கிறாரே. நீங்களே சொல்லுங்க சார், நான் துரத்துறேனா இல்லையா?"

நாலு பேர் நடுவில் செயலாளர் என்ன சொல்வார்? துரத்துகிறார்தான் என்று தலையாட்டினார். அப்படியென்றால் தூக்க முடியாது என்று லாரிக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டம் முணுமுணுத்தபடி படியேறியது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒவ்வொரு விடியலும் இந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தியது இப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பியபடி அவரிடம் போனாள்.

காவலாளி பதறிப்போய்த் தடியை ஓங்கினார்.

"கையை இறக்கும்மா. மேலே இருந்து பார்க்கிறாங்க, சீக்கிரம் சண்டை போடு."