மகனின் மெட்டு

ஞானாபரணம் ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவர். பழைய ஞானப்பாட்டு ஒன்றைத் தப்புப் பறை அடித்து நாட்டுப்புற மெட்டில் பாடியதற்காக, மகன் ஜெபசிங்கைக் குழுவிலிருந்து நீக்கினார்.

"கர்த்தர் சந்நிதியில கூத்தாடுதியால?"

அவன் ஊர் ஊராகப் போய் அதையே பாடினான். அந்தக் கூட்டங்களுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

பேருந்து கவிழ்ந்ததில் அவன் இறந்துபோனான். கல்லறைத் தோட்டத்துக்கு அவனுடைய கூட்டாளி தப்போடு வந்து நின்றான்.

"ஐயா, அவன் மெட்டுலயே பாடட்டுமா?"

அவர் தலையசைத்தார். ஊரே பாடியது, அவர் மனைவியும் கூடவே பாடினாள். வரிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு அடியிலும் பிந்திப்போனார். மனைவியின் தோளைத் தொட்டார்.

"ஏளா, கொஞ்சம் மெதுவாப் பாடு. எனக்குப் பிடிபடல."

அதற்குள் குழியில் மண் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.