மஞ்சள் வட்டம்

பாறை விளிம்பில் எஸ்தர் குப்புறப் படுத்திருந்தாள். வனக்காவலர் மாத்தன் அவள் கணுக்கால்களைப் பிடித்திருந்தார். வேறெங்கும் இல்லாத அந்தக் காட்டுக் காசித்தும்பையை ஆண்டுதோறும் எண்ண வந்த கணவர், போன வருடம் இங்கேதான் சறுக்கி விழுந்து இறந்தார். இந்த முறை மகள் ரூபியைத் தடுத்துவிட்டுத் தானே வந்திருந்தாள். பூத்த செடியை மட்டும்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அழிந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். பிறகு யாரும் இங்கே வர வேண்டியதில்லை. இருந்தால், அடுத்த வருடம் ரூபி வருவாள்.

"பூ தெரியுதா டீச்சர்?"

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். பாறையில் கணவர் சாயத்தால் போட்ட மஞ்சள் வட்டத்துக்குள் ஒரே செடி, ஒரே பூ.

"இருக்கா, இல்லையா?"

"பொறுங்க" என்றவள், பூவை நோக்கிக் கையை நீட்டினாள்.