மாப்பிள்ளையின் வலது காது

நாய்க்காரர் கையைத் தூக்கியதும் எல்லாம் நின்றது.

கிரேன் நின்றது. டிரில்லிங் மிஷின் நின்றது. ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டார்கள். கல் சுமந்தவர்கள் சுமந்த கல்லோடு அப்படியே நின்றார்கள்.

மீட்புக் குழுவில் அதுதான் சட்டம். அவருடைய கை மேலே இருக்கும்வரை யாரும் இருமக்கூடக் கூடாது. தலைவருக்கே தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

விடியற்கால நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மூன்று மாடியும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டிருந்தன. உச்சியில், சாய்ந்து கிடந்த ஒரு கான்கிரீட் பலகையின் விளிம்பில் நாய் நின்றது.

குழுவில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வேளாவேளைக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் தூக்கம், யாராவது ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறென்ன பெயர் வைப்பது?

அதன் இடது காது குட்டியிலேயே கிழிந்து தொங்கிப்போனது. நிமிர்ந்து நிற்பது வலது காது ஒன்றுதான். சிமெண்ட் தூசியில் மாப்பிள்ளையின் மூக்கு சில நேரம் தடுமாறும். அந்தக் காது மட்டும் இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. அது விறைத்து நின்றால் கீழே யாரோ உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போது அது விறைத்து நின்றது.

நாய்க்காரர் பக்கத்தில் ஒரு தாய் நின்றிருந்தாள். ஒரு விடுதியில் சமையல் வேலை. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போனதால் அவள் தப்பினாள். மகனும் மருமகளும் உள்ளே. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"என் மகன் வெல்டர், தம்பி. ஒரு குழாய் கைக்கு எட்டினாப் போதும், தட்டாம இருக்க மாட்டான்" என்று காலையிலிருந்து பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டதெல்லாம் அடிவரை இறங்கவில்லை. ஆனால் அடியிலிருந்து ஏதோ ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. மனிதக் காதுக்கு எட்டாத அது மாப்பிள்ளைக்கு எட்டியது.

அவளும் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையின் உயிர் இப்போது அந்த நுனியில் இருந்தது.

அது மடங்கியது.

மெல்லக்கூட இல்லை. நூல் அறுந்த மாதிரி, சட்டென்று.

நாய்க்காரர் பார்த்துவிட்டார். கையை இறக்கவில்லை.

நாயின் காது மடங்க ஆயிரம் காரணம் இருக்கிறது. ஈ உட்காரும். தூசி போகும். தாகம் எடுக்கும். மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ளக் காரணமா வேண்டும்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஈ இல்லை. தூசி போயிருந்தால் தலையை உதறும், உதறவில்லை. தாகம் என்றால் அவர் முகத்தைப் பார்க்கும். அது அவர் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோய்விட்டது. மிச்சமிருந்த காரணம் அது ஒன்றுதான்.

"ஏன் தம்பி, காது மடங்கிருச்சு?"

"களைப்பா இருக்கும்மா. திரும்ப எழும்பும், பாருங்க."

அவருக்குப் பொய் சொல்ல வராது. அவள் புரிந்துகொண்டாள். சட்டென்று குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து, இடிபாட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் தட்டப் போனாள்.

அவர் மற்றக் கையால் அதை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

"சத்தம் கூடாதும்மா. உங்க மகன் தட்டினா நமக்குத் தெரியாமப் போயிரும்."

அவள் தலையாட்டினாள். தன் மூச்சுகூடக் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காது எழவில்லை.

தூக்கிய கை மரத்துப்போனது. தலைவர் அவரையே பார்த்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து, வாய் திறக்காமல் கைகூப்பியபடி நின்றார். அங்கேயும் ஆட்கள் புதைந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் இருந்தது இந்த ஒரு நாய்தான். கையை இறக்கினால் இந்த இடத்தில் தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஒரே ஒரு தடவை தூக்குடா, பொய்யாவது தூக்கு என்று மனதுக்குள் கெஞ்சினார். மனிதர்கள் கெஞ்சினால் நாய்க்கு என்ன தெரியும்.

கையை இறக்கினார்.

அவள் அழவில்லை. கல் மேட்டில் ஏறிப் போனாள். மடங்கிய காதை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்திவிட்டாள். விரலை எடுத்ததும் அது மறுபடி விழுந்தது.

ஆட்களும் கிரேனும் அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம், உடல்களை எடுப்பதற்காக அந்தப் பலகையைத் தூக்கினார்கள். மகன் போய்ச் சேர்ந்திருந்தான். உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. பக்கத்தில் மருமகளுக்கு உயிர் இருந்தது.

ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டை நாய்க்காரர்தான் பிடித்திருந்தார். மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி, யார்மீதும் கோபம் இல்லாமல் அந்தப் பெண் பேசினாள்.

"மேல அதிர்ந்துகிட்டு இருந்த வரைக்கும் விடாமத் தட்டினார், அத்தை. நேத்து எல்லாம் திடீர்னு நின்னுருச்சு. அப்பவும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். அப்புறம், எல்லாரும் போயிட்டாங்கம்மான்னு சொல்லிட்டு, கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சுட்டார்."