நடுவில் இருந்த ஷூ

மலைப்பாதையில் ஓடும் வான்மதியிடம் இரண்டு ஜோடி ஷூக்கள் இருந்தன: ஒன்று மெல்லியது, மற்றொன்று தடித்தது. மெல்லிய ஷூவின் அடிப்பாகம் தோசை மாதிரி இருக்கும். கல் குத்தும்போதெல்லாம் அவள் முனகுவாள். ஆனாலும் தினமும் அதையே மாட்டினாள்.

“இரண்டு மழைக்காலம் கிழியாமல் தாங்கிவிட்டாய், சரி. ஆனால் கல்லையே தடுக்காத நீ என்ன ஷூ?” என்று தடித்த ஷூ கேட்டது.

“எனக்கும் அதுதான் புரியவில்லை” என்றது மெல்லிய ஷூ.

ஒருநாள் வான்மதி தடித்த ஷூவை அணிந்து போனாள். வழியில் விழுந்து கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே திரும்பினாள்.

“ஒரு கல்லும் அவள் காலை உறுத்தவில்லையே, எப்படி விழுந்தாள்?” என்று தடித்த ஷூ குழம்பியது.

“மிதித்த கல் ஆடியதா?” என்று மெல்லிய ஷூ கேட்டது.

“ஆடியது.”

“அது அவளுக்குத் தெரியவில்லையா?”

“எப்படித் தெரியும்? நடுவில் நான் இருந்தேனே” என்றது தடித்த ஷூ.